டிக்கெட்டை மூடிட்டாங்க... வேலை முடிஞ்சுதா? ஐ.டி. நிறுவனங்கள் ‘ஐட்டில் 4’ முறைக்கு மாறுவது ஏன்?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அன்று காலையில் விமான நிலையம் போனவர்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. கவுன்ட்டர்களில் கணினித் திரைகள் நீலமாக உறைந்து நிற்க, ஊழியர்கள் பேனாவை எடுத்து போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். உலகம் முழுக்க மருத்துவமனை, வங்கி என்று பல இடங்களில் இதே நிலை. பிரிட்டனின் ஸ்கை நியூஸ் சேனல் காலை நேரலையே தர முடியாமல் நின்றது. சேனலில் வேலை பார்க்கிற எங்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது!

காரணம் ஹேக்கர்கள் இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அனுப்பிய ஒரு சின்ன அப்டேட். தவறு தெரிந்ததும் 10.57 மணிக்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இடையில் 78 நிமிடங்கள்தான். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது.

திரும்பப் பெற்ற பிறகும் சிக்கல் தீரவில்லை. முடங்கிய கணினி ஆன் ஆனால்தானே புது அப்டேட்டை வாங்கும்? பல இடங்களில் ஆள் நேரில் போய், ஒவ்வொரு கணினியையும் சேஃப் மோடில் திறந்து, கெட்டுப்போன அந்த ஃபைலை அழித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அந்த ஆள் யார்? சர்வீஸ் டெஸ்க், ஐ.டி. சப்போர்ட், எல்1, எல்2 என்று பல பெயர்களில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். ஓ.எம்.ஆரில் நள்ளிரவில் ஓடும் கேப்களில் பாதி அவர்களுக்காக ஓடுகின்றன என்று சொன்னால் மிகையில்லை. அவர்கள் வேலைக்கு என்று ஓர் இலக்கணம் இருக்கிறது. அதன் பெயர் ஐடிஐஎல். துறையில் இருப்பவர்கள் வாயில் ‘ஐட்டில்’. அந்த இலக்கணம் மாறியிருக்கிறது. பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு நகர்வது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மூணே மூணு வார்த்தை

எனக்கு இதைப் புரிய வைத்தது என்னோடு பி.ஏ. தமிழ் படித்த தோழி. நான் செய்திப் பக்கம் வந்தேன், அவள் சர்வீஸ் டெஸ்க் பக்கம் போனாள். “மூணு வார்த்தை தெரிஞ்சா போதும்டி, மீதி தானா வரும்” என்றாள்.

விமான நிலைய கவுன்ட்டர் வேலை செய்யவில்லை. இது ‘இன்சிடென்ட்’. சேவை திடீரென்று நின்றாலோ, தரம் குறைந்தாலோ அது இன்சிடென்ட். அந்த நேரத்தில் ஏன், எதற்கு என்று ஆராய்ச்சி செய்யக்கூடாது. முதலில் வேலை நடக்க வேண்டும். பேனாவில் போர்டிங் பாஸ் எழுதியது கூட அந்த வகைதான். தற்காலிக வழி.

அது ஏன் நின்றது என்ற அடிப்படைக் காரணம் ‘பிராப்ளம்’. இதை நிதானமாகத் தோண்டிப் பார்க்க வேண்டும். அந்த அப்டேட் 21 தகவல் புலங்களை எதிர்பார்த்தது, மென்பொருள் கொடுத்ததோ 20தான், இல்லாத 21ஆவதைத் தேடிப்போய் கணினி விழுந்தது என்று கிரவுட்ஸ்டிரைக் பின்னர் அறிக்கை வெளியிட்டது. பிராப்ளம் கண்டுபிடிப்பது என்றால் இதுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிஸ்டத்தில் எதைக் கூட்டினாலும், குறைத்தாலும், திருத்தினாலும் அது ‘சேஞ்ச்’. காலை 9.39-க்கு வந்த அப்டேட் ஒரு சேஞ்ச்.

பெரும்பாலான அலுவலகங்களில் இந்த மூன்றையும் போட்டுக் குழப்புவதால்தான் அதே பிரச்சினை வாராவாரம் வருகிறது. பிரின்டர் மக்கர் செய்தால் ஒவ்வொரு முறையும் ஆள் வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டுப் போவார். அவர் இன்சிடென்ட்டைத் தீர்க்கிறார். பிராப்ளத்தை யாரும் தொடவே இல்லை.

யார் எழுதிய இலக்கணம் இது?

பிரிட்டன் அரசு. 1980களில் அங்கே அரசுத் துறைகள் கணினிக்குக் கொட்டிய பணத்துக்கு ஒழுங்கான பலன் இல்லை, துறைக்கு ஒரு மாதிரி நடந்தது. அரசின் கணினி மற்றும் தொலைத்தொடர்பு முகமை உட்கார்ந்து, ‘நல்லா நடத்துறவங்க எப்படி நடத்துறாங்க’ என்று தொகுத்து எழுத ஆரம்பித்தது. 30-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் ஆனது. பெயரிலேயே லைப்ரரி என்று இருப்பது அதனால்தான்.

2000ஆம் ஆண்டையொட்டி 2ஆம் பதிப்பு. 2007இல் ஐந்தே புத்தகங்களாகச் சுருக்கி 3ஆம் பதிப்பு. 2011இல் அதில் ஒரு திருத்தம். 2019 பிப்ரவரியில் ஐட்டில் 4. இடையில் சொத்துரிமையும் கைமாறியது. 2013இல் பிரிட்டன் அரசும் கேபிடா நிறுவனமும் சேர்ந்து அக்ஸெலோஸ் என்ற கூட்டு நிறுவனத்தை உருவாக்கி அதனிடம் கொடுத்தார்கள். 2021இல் அந்த அக்ஸெலோஸை, தேர்வு நடத்தும் நிறுவனமான பீப்பிள்செர்ட் வாங்கிவிட்டது. தேர்வு நடத்துகிறவரே பாடப்புத்தகத்துக்கும் உரிமையாளர். இதைப் பற்றி கடைசியில் பேசுவோம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். ஐட்டில் சாஃப்ட்வேர் இல்லை, சட்டமும் இல்லை. ‘நாங்கள் ஐட்டில் சான்று பெற்ற நிறுவனம்’ என்று யாராவது போர்டு வைத்திருந்தால் சந்தேகப்படலாம். ஐட்டில் சான்றிதழ் தனி மனிதர்களுக்குத்தான். நிறுவனங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 20000 என்று வேறு தரச்சான்று உண்டு.

பழைய முறையில் என்ன குறை?

2011 திருத்தத்தில் 26 செயல்முறைகள், 4 செயற்பிரிவுகள் இருந்தன. ஒரு சேவைக்கு வியூகம் வகுப்பது, வடிவமைப்பது, நடைமுறைக்குக் கொண்டுவருவது, அன்றாடம் நடத்துவது, தொடர்ந்து மேம்படுத்துவது என்று ஐந்து கட்டங்கள். காகிதத்தில் அழகாக இருக்கும். பல கம்பெனிகள் இதைச் சட்டப் புத்தகமாகவே எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஃபார்ம், ஒரு அப்ரூவல், ஒரு கெடு.

கெடு என்றால் எஸ்எல்ஏ. பி1 டிக்கெட் என்றால் இத்தனை மணி நேரத்தில், பி3 என்றால் இத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம். மாசக் கடைசியில் மேனேஜர் ஒரு ரிப்போர்ட் போடுவார். எல்லாம் பச்சை. வாடிக்கையாளரைக் கேட்டால் முகம் சிவந்து இருப்பார். துறைக்குள் இதற்கு ஒரு பேரே வைத்திருக்கிறார்கள்: தர்பூசணி. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு.

எங்கள் டெஸ்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் சாயங்காலம், செய்தி ஏற்றும் சிஸ்டத்தில் படம் அப்லோட் ஆகவே இல்லை. டிக்கெட் போட்டேன். முதல்முறை ‘டிக்கெட்’ என்று கேட்டபோது எனக்கு 19பி பஸ்தான் ஞாபகம் வந்தது, அது வேறு கதை. பத்து நிமிடத்தில் மெயில் வந்தது: “உங்கள் கோரிக்கை நெட்வொர்க் டீமுக்கு மாற்றப்பட்டது, இந்த டிக்கெட் மூடப்படுகிறது.” நெட்வொர்க் டீம் “எங்க பக்கம் எல்லாம் சரி” என்று மூடியது. மூன்றாவது டீம், “பயனாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை” என்று மூடியது. அவர்கள் கூப்பிட்ட நேரத்தில் நான் என் செல்போனில் படத்தை ஏற்றப் போராடிக்கொண்டிருந்தேன். மூன்று டிக்கெட், மூன்றும் கெடுவுக்குள். மூன்று டீமுக்கும் பச்சை. படம் மட்டும் ஏறவில்லை.

அந்த ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மூடினாய் என்பதை வைத்துத்தான் அவர்களுக்கு ரேட்டிங். மூடத்தான் செய்வார்கள்.

ஐட்டில் 4 மாற்றிய கேள்வி

‘கெடுவுக்குள் மூடினோமா?’ என்பது பழைய கேள்வி. ‘அவர் செய்ய வந்த வேலை நடந்ததா?’ என்பது புதிய கேள்வி. மீதி எல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

அதனால் சேவை என்ற சொல்லுக்கான விளக்கமே திருத்தப்பட்டது. முன்பு, சேவை தருபவர் மதிப்பை வாடிக்கையாளருக்கு ‘வழங்குகிறார்’, பார்சல் டெலிவரி மாதிரி. இப்போது, இருவரும் சேர்ந்து அதை ‘உருவாக்குகிறார்கள்’. படம் ஏறாத கதையில் எத்தனை மணிக்கு செய்தி போக வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும். அதை ஒருவர் கேட்டிருந்தால், அவரும் நானும் சேர்ந்து வேறு வழி பார்த்திருப்போம்.

செயல்முறை என்ற சொல் பின்னுக்குப் போய், ‘பிராக்டிஸ்’ என்ற சொல் முன்னுக்கு வந்தது. மொத்தம் 34. நடைமுறைப் படிகளை மட்டும் எழுதாமல், அதைச் செய்ய எப்படிப்பட்ட ஆள் வேண்டும், என்ன கருவி வேண்டும், வெளி நிறுவனம் யார், வேலை எந்த வழியாக ஓடுகிறது என்று நாலு பக்கமும் பார் என்கிறது. ஐந்து கட்டங்களின் வரிசையும் போய்விட்டது. அதற்குப் பதில் ஆறு செயல்பாடுகள். அவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் கோக்கலாம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒரு பெயர் மாற்றம்தான். தமிழ் படித்த புத்தி, விடாது. பழைய பதிப்பில் ‘சேஞ்ச் மேனேஜ்மென்ட்’, அதாவது மாற்ற மேலாண்மை. 2019இல் ஐட்டில் 4 வந்தபோது அதை ‘சேஞ்ச் கன்ட்ரோல்’ என்று வைத்தார்கள், மாற்றக் கட்டுப்பாடு. அப்புறம் அதையும் திருத்தி ‘சேஞ்ச் எனேபிள்மென்ட்’ ஆக்கினார்கள். மாற்றத்துக்கு வழி செய்வது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, வழிகாட்டியாக மாறுகிறார்.

பெயருக்குப் பின்னால் நிஜமான சண்டை ஒன்று இருக்கிறது. பழைய முறையில் பல நிறுவனங்களில் எந்த மாற்றமும் ‘கேப்’ எனப்படும் ஆலோசனைக் குழு முன் போக வேண்டும். வாரம் ஒரு மீட்டிங். டெவலப்பர்களோ டெவ்ஆப்ஸ் முறையில் ஒரே நாளில் பல முறை புது கோடு ஏற்றுகிறார்கள். வியாழக்கிழமை மீட்டிங் வரை யார் காத்திருப்பது? ஐட்டில் 4 சொல்வது: அடிக்கடி செய்கிற, ஆபத்து குறைந்த மாற்றங்களுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடு. சிலவற்றை சக ஊழியர் ஒருவர் சரிபார்த்தாலே போதும். பெரிய ஆபத்துள்ளதை மட்டும் பெரியவர்கள் பார்க்கட்டும்.

‘அப்போ கிரவுட்ஸ்டிரைக் மாதிரி ஆகாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பலர், மென்பொருளின் புதுப் பதிப்பை உடனே போடாமல் ஒரு பதிப்பு பின்தங்கியே வைத்திருந்தார்கள், பாதுகாப்புக்காக. ஆனால் அன்று வந்தது மென்பொருள் பதிப்பு இல்லை, அதற்குள் போகும் தகவல் ஃபைல். அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. வாடிக்கையாளர் கம்பெனியின் மாற்றக் குழு எத்தனை மீட்டிங் போட்டிருந்தாலும் அதைப் பார்த்திருக்கவே முடியாது. அதற்குப் பிறகுதான் அந்த ஃபைல்களையும் கட்டம் கட்டமாக அனுப்புவோம், எப்போது வாங்குவது என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. நாலு பக்கத்தில் ‘வெளி நிறுவனம்’ ஒரு பக்கமாக இருப்பதன் அர்த்தம் அன்று எல்லோருக்கும் புரிந்தது.

நமக்கு இதில் என்ன?

2024 ஏப்ரல் 24 அன்று ரிசர்வ் வங்கி, கோடக் மஹிந்திரா வங்கிக்கு ஒரு தடை போட்டது. ஆன்லைனிலும் மொபைல் ஆப்பிலும் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கக்கூடாது, புது கிரெடிட் கார்டு தரக்கூடாது. சொன்ன காரணங்களைப் படித்தால் ஐட்டில் புத்தகப் பொருளடக்கம் மாதிரி இருக்கும். எந்தெந்தக் கருவி, மென்பொருள் இருக்கிறது என்ற கணக்கு சரியில்லை. பேட்ச் மற்றும் சேஞ்ச் மேனேஜ்மென்ட் சரியில்லை. யாருக்கு எந்த அனுமதி என்ற நிர்வாகம் சரியில்லை. வெளி நிறுவன ரிஸ்க்கைக் கவனிக்கவில்லை. வங்கியின் சேவை அடிக்கடி முடங்கியதையும் ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டியது. தடை நீங்க 2025 பிப்ரவரி வரை ஆனது.

பணம் அனுப்பும்போது ஆப் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அந்தச் சுற்றலுக்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒன்று இருக்கலாம்.

மாறுகிறேன் என்று சொல்லி மாறாதவர்கள்

தோழியின் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை எல்லோருடைய மெயில் கையெழுத்தும் மாறியது. ‘சேஞ்ச் மேனேஜர்’ இப்போது ‘சேஞ்ச் எனேபிள்மென்ட் லீட்’. ஃபார்ம் அதே ஃபார்ம். வியாழக்கிழமை மீட்டிங் அதே மீட்டிங். “போர்டை மட்டும் மாத்திட்டாங்கடி, கடை அதேதான்” என்றாள்.

இன்னொரு வகை, 200 பேரை ஃபவுண்டேஷன் தேர்வு எழுத வைத்துவிட்டு, பாஸ் சதவீதத்தை பவர்பாயின்ட்டில் போட்டு முடித்துக்கொள்வது. வேறு சிலர் புதுசாக ஒரு டூல் வாங்குவார்கள், பழைய குழப்பம் வேகமாக நடக்கும்.

ஐட்டில் 4-இல் ஏழு வழிகாட்டு நெறிகள் உண்டு. அதில் ஒன்று, ‘இருக்கிற இடத்திலிருந்து தொடங்கு’. பழசை எல்லாம் குப்பையில் போடச் சொல்லவே இல்லை. இன்சிடென்ட்டைப் பதிவு செய்யும் பழக்கம் நன்றாக இருந்தால் அப்படியே விடு. எது வலிக்கிறதோ அதை மட்டும் எடு.

எப்படி எடுப்பது? புதிதாகச் சேருகிற ஒருவருக்கு லேப்டாப் கொடுப்பதை உதாரணமாகப் பார்ப்போம். இதில் வரும் நாட்கள் நான் விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு.

எச்.ஆர். கோரிக்கை போடுகிறது. மேலாளர் அனுமதிக்க 2 நாள் கெடு, ஒன்றரை நாளில் கொடுத்துவிட்டார், பச்சை. ஸ்டோரில் லேப்டாப் எடுத்துக் கொடுக்க 2 நாள், ஒரே நாளில் முடித்தார்கள், பச்சை. மென்பொருள் ஏற்றும் டீமுக்கு 2 நாள், சரியாக 2 நாள், பச்சை. லாகின் ஐடி உருவாக்க 1 நாள், பச்சை. கூட்டிப் பாருங்கள். ஐந்தரை நாள். கோரிக்கையே அவர் சேர்ந்த அன்று காலையில்தான் போடப்பட்டது. ஆக, புதுப் பையன் முதல் வாரம் முழுக்க கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு, பக்கத்து சீட்காரர் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எந்த டீம் மேலும் தப்பு இல்லை. ஆனால் தப்பு நடந்திருக்கிறது.

இந்த ஓட்டத்தைத்தான் ‘வேல்யூ ஸ்ட்ரீம்’ என்கிறார்கள். டீம் டீமாகப் பார்க்காமல், அந்தப் பையன் பக்கத்திலிருந்து முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒரு கோடு போட்டுப் பார்ப்பது. பார்த்தால் தீர்வு சுலபம். ஆஃபர் லெட்டரில் கையெழுத்தானவுடனே கோரிக்கை தானாகப் போகட்டும். வழக்கமான லேப்டாப்புக்கு மேலாளர் அனுமதியே எதற்கு? லேப்டாப் தயாராகும்போதே லாகினும் தயாராகட்டும். அளக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சேர்ந்த முதல் நாள் காலையில் அவரால் வேலையைத் தொடங்க முடிந்ததா?

சொல்வது சுலபம். நாலு டீம் தலைவர்கள் தங்கள் தனித்தனிப் பச்சைகளை விட்டுக்கொடுக்க வேண்டும். மாற்றம் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறது. இன்க்ரிமென்ட்டை டிக்கெட் எண்ணிக்கையோடு கட்டி வைத்துவிட்டு, ஊழியரிடம் ‘வாடிக்கையாளரை நினை’ என்று போஸ்டர் ஒட்டினால் அவர் எதைச் செய்வார்?

சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

3ஆம் பதிப்புத் தேர்வுகள் நிறுத்தப்பட்டுவிட்டன. பழைய ஃபவுண்டேஷன் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் ஐட்டில் 4-க்கு வர, ஃபவுண்டேஷனைப் புதிதாக எழுத வேண்டும். பழைய முறையில் எக்ஸ்பர்ட் நிலையோ 17 கிரெடிட்டோ வைத்திருந்தவர்களுக்குக் குறுக்கு வழியாக ஒரு ‘டிரான்சிஷன்’ தேர்வு கொண்டுவரப்பட்டது.

ஃபவுண்டேஷன் தேர்வு அவ்வளவு பயப்படும்படி இல்லை. 40 கேள்விகள், 60 நிமிடங்கள், 26 சரியாக இருந்தால் பாஸ். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். எந்த டிகிரி படித்தவரும் எழுதலாம். என் தோழியே சாட்சி. புத்தகத்தை வாங்கியதும் முதல் வேலையாக வரையறைகளை எல்லாம் நூற்பா மாதிரி மனப்பாடம் செய்தாளாம். அது கை கொடுத்தது என்கிறாள்.

பயப்பட வேண்டியது கட்டணத்துக்கு. வேலைக்குப் புதிதாக வந்தவர் சம்பளத்தில் நல்ல துண்டை அது எடுத்துக்கொள்ளும். அதோடு 2023 முதல் சான்றிதழுக்கு 3 ஆண்டு ஆயுள்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். மறுபடி தேர்வு எழுதலாம், மேல்நிலைத் தேர்வு ஒன்றை எழுதலாம், அல்லது சந்தா கட்டி, தொடர்ந்து கற்றதற்கான புள்ளிகளைப் பதிவு செய்யலாம். முன்பெல்லாம் ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான். பாடப்புத்தகமும் தேர்வும் ஒரே கையில் இருப்பதைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? துறையில் பலர் முணுமுணுப்பது இந்த இடத்தில்தான்.

அதனால், சொந்தப் பணம் கட்டுவதற்கு முன் ஆபீஸில் கேளுங்கள். பல பெரிய நிறுவனங்கள் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. சில இடங்களில் பாஸானால் மட்டும்தான், சில இடங்களில் ‘இத்தனை மாதம் வேலையை விடமாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு தருவார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘தேர்வே எழுத வேண்டாம், சர்டிஃபிகேட் வீட்டுக்கு வரும்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிற விளம்பரங்களை நம்பி பணம் அனுப்பாதீர்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் சான்றிதழ் எண்ணைப் போட்டு பீப்பிள்செர்ட் இணையதளத்திலேயே சரிபார்த்துவிட முடியும்.